அலுவலகம் போகும் பொம்மை

திருமால் எடுத்தவை பத்து அவதாரங்கள். வேலூரில் வீட்டிலிருந்தபடி கம்பெனி வேலை பார்க்கும் பெண்மணியும் இன்று ஓர் அவதாரம் எடுக்கலாம்! 2023-ல் மைக்ரோசாஃப்ட் தன் 'டீம்ஸ்' கூட்டங்களில் அதற்கு வழி செய்தது. பெயரும் 'அவதார்' என்பதேதான்! காமிராவை அணைத்துவிட்டால், நாம் அலங்கரித்து வைத்த பொம்மை நமக்குப் பதில் திரையில் அமரும். நாம் பேசினால் அதன் வாய் அசையும். தலை வாராவிட்டால் என்ன, மடியில் குழந்தை இருந்தால்தான் என்ன!

வசதிதான். ஆனால் பொம்மைக்குக் கண் சிவப்பதில்லை. இரவெல்லாம் விழித்தவளும் அதில் பளிச்சென்றே தெரிவாள். ஆம்பூரில் தோலின் தரத்தைக் கையால் தடவிப் பார்த்தல்லவா சொல்கிறார்கள்? மேலதிகாரிகளும், "உடம்பு எப்படி இருக்கிறது, அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். பதில் சொல்லப் போவது பொம்மையல்லவே!