நிலத்திற்குச் சுண்ணாம்பு, தேகத்திற்குத் தண்ணீர்

மாத்தளை மாவட்டத்துத் தேயிலை மலைகளிலே, ஆண்டாண்டாக இட்ட தழைச்சத்து உரத்தால் புளிப்பேறிய மண்ணுக்கு, இப்பிரதேசத்திலேயே வெட்டியெடுக்கப்படும் டொலமைட் கல்லைப் பொடியாக்கித் தூவுகிறார்கள். தேயிலைக்கு உகந்த பீ.எச். அளவு 4.5 முதல் 5.5 வரையாதலால், அதற்குக் கீழிறங்கிய மண்ணின் அமிலத்தை அக்கல்லிலுள்ள காபனேற்று மெல்ல மெல்லத் தணித்துவிடுகிறது. அமிலமும் காரமும் ஒன்றன் உக்கிரத்தை ஒன்று அடக்கும் இந்த நடுநிலையாக்கம் நிலத்துக்குப் பெரும் உபகாரம். இறப்பர்ப் பால் உறைந்தபின் வழியும் புளித்த கழிவுநீரை ஓடையில் விடுமுன் சுண்ணாம்பிட்டுத் தணிப்பதும் அவ்வாறே நல்ல காரியம். ஆனால் அதே வைத்தியத்தை மனித தேகத்தின்மேல் பிரயோகிப்பது பேரபாயம்.

இறப்பர்ப் பாலை உறையவைக்கும் போமிக்கமிலம் சாதாரணமாக 85 சதவீதச் செறிவில் கலன்களில் வருகிறது. அதை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரிலே அமிலத்தைச் சிறிது சிறிதாக விடவேண்டுமேயன்றி, அமிலத்திலே தண்ணீரை விடலாகாது. சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டிலே வைப்பதோ, தாகத்தோடு வரும் பிள்ளைக்கு நஞ்சை எடுத்து வைப்பதாகும். கையிலோ முகத்திலோ அமிலம் தெறித்தவுடன் சுண்ணாம்பையோ அப்பச்சோடாவையோ அள்ளிப் பூசலாகாது. அமிலமும் காரமும் கூடுமிடத்தில் உஷ்ணம் பிறந்து, வெந்த தோலை மேலும் வேகவைக்கும். சுண்ணாம்போ தானே தோலை அரிப்பது. கண்ணிலே பட்டால் ஆழமாக ஊடுருவிப் பார்வையையே பறிக்கவல்லது. ஆகவே, அமிலம் பட்ட ஆடையைக் களைந்து, ஓடும் நீரிலே குறைந்தது 20 நிமிஷம் விடாமல் கழுவுங்கள். கண்ணாயின் இமையை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். அப்பச்சோடா கரைத்துக் கொடுத்தால் வயிற்றில் வாயு பெருகிப் புண்பட்ட குடலுக்கு மேலும் தீங்காகும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

வேலை செய்கையில், வேலையின் காரணமாக நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு கேட்பது யாசகமன்று. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அளித்த உரிமை அது. விபத்தைத் தாமதமின்றித் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்திலே தெரிவித்து, அதன் பிரதியையும் வைத்தியசாலை தந்த சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். விளங்காத பாஷையில் எழுதிய தாளிலே, எவர் வற்புறுத்தினாலும், கையெழுத்திடாதீர்கள். நிர்வாகம் அசட்டை செய்தால், தொழிற்சங்கத் தலைவரையும் உடனழைத்துக்கொண்டு தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள்.