பொம்மை ராஜ்ஜியம் – 7: முட்டைக்கோஸ் தோட்டத்துப் பிள்ளைகள்

1983 நவம்பர் மாதக் கடைசி. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வில்க்ஸ்-பேரி என்ற ஊரில், ஒரு தள்ளுபடிக் கடை வாசலில் சுமார் ஆயிரம் பேர் எட்டு மணி நேரமாகக் காத்துக்கிடந்தார்கள். கதவு திறந்ததுதான் தாமதம், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உள்ளே பாய்ந்தார்கள். ஒரு பெண்மணிக்குக் கால் முறிந்தது. கடை மேனேஜர் தற்காப்புக்காக பேஸ்பால் மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். ரஜினி படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக் கவுண்டரில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே நின்றவர்கள் ரசிகர்கள் அல்ல. குழந்தை குட்டியோடு குடித்தனம் நடத்தும் அம்மாக்களும் அப்பாக்களும். வாங்க வந்தது ஒரு பொம்மை.

அதன் பெயர் கேபேஜ் பேட்ச் கிட்ஸ். முட்டைக்கோஸ் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் என்று கதை.

சென்ற வாரம் பார்த்த பார்பி அழகி. இந்தப் பிள்ளைகளை அப்படிச் சொல்ல முடியாது. உப்பிய கன்னம், ஒன்றோடொன்று நெருங்கிய சின்னக் கண்கள், கம்பளி நூலில் முடி, துணி உடம்பு, குட்டையான கை கால். தலை மட்டும் வினைல். பெட்டியைத் திறந்தால் குழந்தைப் பவுடர் வாசனை வரும். அன்றைய பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயதுக்குப் பக்கம். முகத்தை மறந்தவர்கள்கூட அந்த வாசனையை மறக்கவில்லை. பொம்மையின் புட்டத்தில் சேவியர் ராபர்ட்ஸ் என்ற கையெழுத்து இருக்கும். அது இருந்தால்தான் அசல்.

இந்தப் பொம்மையை யாரும் ‘வாங்க’ முடியாது, தத்துதான் எடுக்க வேண்டும். வியாபாரத்தின் மொத்த சூட்சுமமும் இதில்தான் இருந்தது. பெட்டிக்குள் பிறப்புச் சான்றிதழும் தத்துப் பத்திரமும் இருக்கும். நல்ல பெற்றோராக நடந்துகொள்வேன் என்று குழந்தை வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனிப் பெயர். தலை அச்சு, முடியின் நிறம், கண், உடை எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கலந்து மாற்றிப் போட்டதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்று விளம்பரம் சொன்னது. தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்த ஒரு பொருளை ‘எனக்கென்றே பிறந்தவள்’ என்று ஏழு வயதுக் குழந்தையை நம்பவைத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்க முடியாது. கொஞ்சம் கூசவும் செய்கிறது.

தயாரித்தது கோலிகோ என்ற நிறுவனம். 1932-இல் செருப்புத் தைப்பவர்களுக்குத் தோல் சப்ளை செய்வதற்காக ஆரம்பித்த கம்பெனி அது. கனெக்டிகட் லெதர் கம்பெனி என்பதன் சுருக்கமே கோலிகோ. 1983-இல் மட்டும் சுமார் 30 லட்சம் பொம்மைகளை விற்றும் போதவில்லை. கேட்டவர்களுக்குக் கொடுக்கச் சரக்கு இல்லாமல் விளம்பரத்தையே நிறுத்திவைத்தார்கள். கடையில் முப்பது டாலருக்குள் கிடைக்க வேண்டியது வெளியே பல மடங்கு விலைக்குப் போனது. கன்சாஸ் நகரத் தபால்காரர் ஒருவர் மகளுக்காக விமானம் ஏறி லண்டன் போய் வாங்கி வந்தார். மில்வாக்கி வானொலியில் இரண்டு அறிவிப்பாளர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். பேஸ்பால் மைதானத்தின் மேல் விமானத்திலிருந்து பொம்மைகளைப் போடப்போகிறோம், பிடிக்க கையுறை கொண்டுவாருங்கள், கிரெடிட் கார்டை வானத்தை நோக்கிக் காட்டுங்கள், மேலிருந்து படம் பிடித்துக்கொள்கிறோம் என்றார்கள். அந்தக் கடுங்குளிரில் சிலர் நிஜமாகவே போய் நின்றார்கள். சிரிக்கலாம். வீட்டில் அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு அதைக் கேட்டிருந்தால் நாமும் கார்டைத் தேடியிருப்போம்.

டிசம்பர் வந்துவிட்டால் அந்தத் தலைமுறை இதையெல்லாம் பேச ஆரம்பித்துவிடும். அவர்கள் பேச்சில் தவறாமல் வரும் இன்னொன்று, சியர்ஸ் கடையின் கிறிஸ்துமஸ் கேட்டலாக். 1933-இல் தொடங்கியது. 1968-லிருந்து அட்டையிலேயே ‘விஷ் புக்’ என்று பெயர் போட்டு வந்தது. வீட்டுக்குத் தபாலில் வரும் அந்தத் தடிப் புத்தகத்தின் பொம்மைப் பக்கங்களைத் தரையில் விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு, பேனாவால் வட்டம் போடுவார்கள். அண்ணன் ஒரு நிற மை, தங்கை வேறு நிற மை. இருபது வட்டம் போட்டால் ஒன்றோ இரண்டோ மரத்தடிக்கு வரும். கிடைத்த பொம்மையைவிட வட்டம் போட்டுக் கிடைக்காமல் போனதைத்தான் அவர்கள் விலாவாரியாகச் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

1985 கிறிஸ்துமஸின் ராஜா டெடி ரக்ஸ்பின். கதை சொல்லும் கரடி. முதுகில் கேசட் பிளேயர். ஸ்டீரியோ கேசட்டில் இரண்டு தடங்கள் உண்டல்லவா? ஒன்றில் குரலைப் பதிந்தார்கள். இன்னொன்றில், கண்ணையும் வாயையும் எப்போது அசைக்க வேண்டும் என்ற கட்டளைகளைப் பதிந்தார்கள். கரடி கண் சிமிட்டிப் பேசும். சுமார் 70 டாலர், அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. பேட்டரி தனியாக வாங்க வேண்டும். அது தெரியாமல் கிறிஸ்துமஸ் காலையில் பெட்டியைப் பிரித்து, கடையெல்லாம் பூட்டிக் கிடக்க, ஊமைக் கரடியைக் கட்டிக்கொண்டு அழுத பிள்ளைகள் உண்டு. பேட்டரி இறங்கினாலும் தொல்லை. டேப் ரெக்கார்டர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், குரல் இழுத்து இழுத்து அடித்தொண்டைக்குப் போகும். அன்புக் கரடி பேயாகிவிடும். அந்தப் பயம் இப்போது சிரிப்பாகிவிட்டது. கரடியைச் செய்த வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர் நிறுவனம் இரண்டே வருடத்தில், 1987 டிசம்பரில், திவால் மனு கொடுத்தது. கோலிகோ 1988-இல் அதே வழியில் போனது.

ஆக, நினைவுகளில் இரண்டு ரகம். பிள்ளைகளிடம் இருப்பது காலை ஆறு மணி, காகிதம் கிழியும் சத்தம், பவுடர் வாசனை. பெற்றோரிடம் இருப்பது க்யூ, கடன், முறிந்த கால். நாஸ்டால்ஜியா என்று கடைகளில் விற்கப்படுவது எப்போதும் முதல் ரகம்தான்.

இந்த இரண்டிலும் இடம் கிடைக்காத ஒருவரும் இருக்கிறார். அவர் மார்த்தா நெல்சன் தாமஸ், கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் வாழ்ந்த கைவினைக் கலைஞர். துணியில் குண்டுக் குழந்தைகளைக் கையால் தைத்து, வாங்குகிறவர்களுக்குத் தத்துப் பத்திரமும் கொடுத்துக்கொண்டிருந்தார். 1976-இல் ஒரு கைவினைக் கண்காட்சியில் அவற்றைப் பார்த்தவர் ஜார்ஜியாவைச் சேர்ந்த இளைஞர் சேவியர் ராபர்ட்ஸ். வாங்கிப்போய்த் தன் பரிசுப்பொருள் கடையில் விற்றார். அவர் வைத்த விலை மார்த்தாவுக்குப் பிடிக்கவில்லை, பொம்மை கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். ராபர்ட்ஸ் அதே சாயலில் தானே செய்ய ஆரம்பித்தார். கிளீவ்லேண்ட் என்ற சிற்றூரில், ஒரு பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் ‘பேபிலேண்ட் ஜெனரல் ஹாஸ்பிடல்’ திறந்தார். நர்ஸ் உடை போட்ட பணிப்பெண்கள் முட்டைக்கோஸ் பாத்தியிலிருந்து பொம்மைகளைப் ‘பிரசவம்’ பார்த்தார்கள். 1982-இல் கோலிகோவுக்கு உரிமம் கொடுத்தார். அப்புறம் நடந்ததுதான் வில்க்ஸ்-பேரி.

மார்த்தா வழக்குப் போட்டார். தன் பொம்மைகளுக்கு முறையாகக் காப்புரிமை பதிந்து வைக்காதது அவருக்குப் பாதகம். பல வருட இழுபறிக்குப் பிறகு சமரசம் ஆனது. தொகை வெளியே சொல்லப்படவில்லை. 2013-இல் இறந்துபோனார். ராபர்ட்ஸ் விற்கத் தெரிந்தவர், அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொம்மையின் மூலம் கென்டக்கியில்தான் இருக்கிறது என்பதே என் முடிவு.

பழைய ஏக்கத்துக்குப் புதுச் சந்தையும் வந்துவிட்டது. 1985-இல் அமெரிக்காவுக்கு வந்த நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டியை, உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, 30 பழைய விளையாட்டுகளோடு 2016 நவம்பரில் வெளியிட்டார்கள். வந்த வேகத்தில் தீர்ந்தது. இந்த முறை க்யூவில் நின்றவர்கள் 1985-இன் பிள்ளைகள், தங்களுக்காகவே. ரோசெஸ்டர் நகரத்து தேசிய பொம்மைப் புகழ்க் கூடம் 2023-இல் கேபேஜ் பேட்ச் கிட்ஸைச் சேர்த்துக்கொண்டது.

ஒரு விஷயம். அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர் யாராவது பரணில் கிடக்கும் 1983 பொம்மையைக் காட்டி ‘லட்சம் போகுமா?’ என்று உங்களிடம் கேட்டால் ஆசை காட்டாதீர்கள். லட்சக்கணக்கில் செய்த சரக்கு. அபூர்வமான சிலவற்றைத் தவிர மற்றவை பெரிய விலைக்குப் போவதில்லை. தூசி தட்டி, பேத்தி கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: ஹங்கேரிப் பேராசிரியர் ஒருவர் 1974-இல் செய்த கனசதுரம்)