மழைக்குக் காத்திருக்கும் சிறு பறவை

மாடுங்காவின் பழைய மாடிக் கட்டடங்களிலும், செம்பூர்க் காலனிகளிலும், தாராவியின் ஓரறை வீடுகளிலும், பலகணி ஓரமாகத் தொங்கும் கம்பிக் கூண்டுகளை நேயர்கள் கண்டிருக்கக்கூடும். குழந்தைகளின் ஊதுகுழல் போன்ற மெல்லிய ஒலி அதிலிருந்து எழுந்தால், உள்ளிருப்பது பெரும்பாலும் ஸீப்ரா பிஞ்ச் என்னும் சிறு பறவையே. எடை சுமார் 12 கிராம். ஆணுக்குப் பவள நிற அலகு, கன்னத்தில் செம்பழுப்புத் திட்டு, விலாவில் வெண்புள்ளிகள், தொண்டையிலும் வாலிலும் வரிக்குதிரையின் கோடுகள். பெண்ணோ சாம்பல் நிறம். அலகு மட்டும் சிவந்திருக்கும். பாடுவதும் ஆண் மட்டுமே.

இதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. நம் இலக்கியம் கூறும் பாலை, முல்லையும் குறிஞ்சியும் கோடையில் திரிந்து தோன்றுவது. பருவமழை வந்தால் பழைய நிலைக்கு மீளும். அந்நாட்டுப் பாலையிலோ மழைக்கு நாள் குறிப்பிட முடியாது. ஆகவே இப்பறவைக்கும் பஞ்சாங்கம் இல்லை. மழை பெய்து, புல் தழைத்து, விதை பால்பிடிக்கும் வேளையே இதற்கு இல்லறக் காலம். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கின்றன. இரண்டு வாரத்தில் பொரிந்த குஞ்சுகள், மேலும் மூன்று வாரத்தில் கூட்டை விட்டு வெளியேறுகின்றன; மூன்று மாதத்தில் தாமே பெற்றோராகத் தகுதி பெறுகின்றன. விதை உள்ளவரை ஈடு மேல் ஈடாக முட்டையிடுவதும், வறட்சி வந்ததும் நிறுத்திவிடுவதும் இதன் இயல்பு.

தண்ணீர் அருந்துவதிலும் ஒரு தனித்திறன் உண்டு. சிறு பறவைகளுள் பெரும்பாலானவை ஒரு வாய் நீரெடுத்துத் தலையை உயர்த்தி விழுங்கும். இதுவோ அலகை நீரில் ஆழ்த்தியபடியே புறாவைப் போல உறிஞ்சிவிடும். பகை பதுங்கியிருக்கும் நீர்நிலையில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. மிதமான வெப்பத்தில் உலர்ந்த விதையை மட்டும் உண்டு, நீரின்றிப் பல மாதங்கள் உயிர் வாழ்ந்ததையும் ஆராய்ச்சிக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. அடைகாக்கும் இறுதி நாட்களில் வெப்பம் 26 டிகிரியைக் கடந்தால், தாயும் தந்தையும் முட்டையை நோக்கித் தனியொரு ஒலி எழுப்புகின்றன. அதைக் கேட்ட கருவிலிருந்து வரும் குஞ்சு, வெயிலுக்கு ஏற்றவாறு சிறிய உடலுடன் வளர்கிறது. அக்கணக்கின்படி, நம் மும்பையில் அந்த ஒலிக்கு அதிக ஓய்வு கிட்டாது!

இனிக் கூண்டுக்கு வருவோம். பாலையில் எப்போதோ கிடைக்கும் அழைப்பு, நம் வீட்டில் நாள்தோறும் கிடைக்கிறது. கிண்ணம் நிறையத் தினை, குறையாத தண்ணீர், கட்டித் தொங்கவிட்ட சிறு பானை. மழை ஓயவே இல்லை என்று பேடை எண்ணாமல் என்ன செய்யும்? ஓய்வின்றி முட்டையிட்டு, உடலின் சுண்ணச் சத்தெல்லாம் ஓடாகிப் போக, இறுதியில் முட்டையை வெளியிட மாட்டாமல் மடிவதும் உண்டு. கடைக்காரர்கள் இதை வாங்குவோரிடம் விளக்குவது அரிது. இரண்டு ஈடு முடிந்ததும் பானையையும் நாரையும் அகற்றிச் சில மாதம் ஓய்வளிக்க வேண்டும். கணவாய் ஓட்டுத் துண்டொன்றைக் கூண்டில் செருகி வைக்கவேண்டும்.

நம் நாட்டு முனியாக்களைப் பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிறநாட்டு இனமாகிய இதன் நிலை வேறு. அதற்காக, இரக்கம் மேலிட்டுக் கூண்டைத் திறந்துவிடுவதும் தகாது. கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்த இப்பறவைக்கு இரை தேடவும் தெரியாது, எதிர்க் கூரையில் அமர்ந்திருக்கும் காகத்தையும் தெரியாது.