சங்கிலிக்கு எத்தனை அடி?

ஆனைமலையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பாட்டனார் காலத்துப் பாகப் பத்திரத்துடன் நம்மிடம் வந்தார். 'தென்வடல் 5 சங்கிலி, கீழ்மேல் 4 சங்கிலி, விஸ்தீரணம் 2 ஏக்கர்' என்று அதில் கண்டிருந்தது. சங்கிலிக்கு 100 அடி என்று கணக்கிட்ட அவர், வேலிக்கு வடக்கே தமக்கு இன்னும் 170 அடி நிலம் உண்டென்று பங்காளியின்மேல் வழக்குத் தொடுக்கத் துணிந்துவிட்டார்.

சங்கிலியில் இரு வகை உண்டு. எஞ்சினீயர்களின் சங்கிலி 100 அடி. நில அளவைக்காரர் கையாண்டதோ, கண்டர் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 17-ஆம் நூற்றாண்டில் வகுத்த 66 அடிச் சங்கிலி. அதில் 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். இந்தச் சௌகரியத்திற்காகவே அந்த விசித்திரமான 66!

பத்திரமே சாட்சி சொல்லிற்று. ஐந்தை நாலால் பெருக்கினால் 20 சதுரச் சங்கிலி. அதாவது 2 ஏக்கர். 100 அடிக் கணக்கில் நாலரை ஏக்கருக்கு மேல் போய்விடும். ஆகவே தென்வடல் நீளம் 330 அடிதான், ஏறக்குறைய 100.6 மீட்டர்.

1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தும், பழைய பத்திரங்கள் பழைய பாஷையையே பேசுகின்றன. எண்ணைப் பெருக்குமுன் அளவுகோலை விசாரிப்போமாக! நண்பர் வக்கீல் வீட்டுக்குப் போகவில்லை. பங்காளி வீட்டுக்குப் போனார்.