திண்ணையில் கற்ற முடிச்சு! பரணிலிருந்து இறங்கியது ஒயர் கூடை: கூலி கொடுக்கத்தான் ஆள் இல்லை

சென்னை,

மாலை நேரம். காய்கறி மார்க்கெட்டில் கூட்டம் அலைமோதுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு பழைய முகம் மீண்டும் தலைகாட்டுகிறது.

ஆள் அல்ல, கூடை! பச்சையும் மஞ்சளும் கலந்து பின்னிய ஒயர் கூடை.

1980-களில் ஆபீஸ் போகும் பெண்கள் பலர் கையில் இதுதான் இருக்கும். உள்ளே டிபன் கேரியர், குடை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதுவே பை. பிறகு கடைக்குக் கடை கேரி பேக் இலவசமாக வந்தது. கூடை பரணுக்குப் போனது.

2019 ஜனவரி 1-ந் தேதி முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு தடை போட்டது. 2021 டிசம்பர் 23-ந் தேதி ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. பரணில் கிடந்த கூடையும் கீழே இறங்கியது.

ஆனால் கைப்பிடி அறுந்திருந்தால்? "எங்கம்மாதான் பின்னுவாங்க. எனக்குத் தெரியாதே!" பல வீடுகளில் இதுதான் பதில்.

கை மாறிய வித்தை

இந்த வேலையை வகுப்புக்குப் போய்க் கற்றவர்கள் குறைவு. அம்மா மகளுக்குச் சொல்லித் தந்தார். அண்ணி நாத்தனாருக்குக் காட்டினார். மாடி வீட்டு அக்கா, கீழ் வீட்டு அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். பீஸ் கிடையாது. மிஞ்சிப்போனால் ஒரு டம்ளர் காபி!

சாதா முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட் என்று பெயர்களும் அப்படியே வாய்வழியாக வந்தவைதான்.

முதலில் ஒயர்களை ஒரே அளவாக வெட்ட வேண்டும். நடுவைப் பிடித்து, கட்டிலிருந்து வரும் நீள ஒயரால் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட வேண்டும். அடிப்பாகம் முடிந்ததும் சுற்றிச் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். எண்ணிக்கை தப்பினால் கூடை கோணிக்கொள்ளும். "பிரிச்சுட்டு மறுபடி போடு" என்பதுதான் முதல் பாடம்.

அக்காமார் சொல்லும் யோசனைகளும் உண்டு. வெட்டும்போது கொஞ்சம் கூடவே விட்டு வெட்ட வேண்டும். மிஞ்சும் நுனியை நறுக்கி விடாமல் முடிச்சுக்குள் செருக வேண்டும். அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும்.

ஒயரும் பிளாஸ்டிக்தானே?

ஆமாம், அதுவும் பிளாஸ்டிக்தான். ஆனால் ஒரு நாளில் குப்பைக்குப் போவதில்லை. பல வருடம் உழைக்கும். கிழிந்தாலும் எரிக்கக் கூடாது. பி.வி.சி. ஒயர் எரிந்தால் நச்சுப் புகை வரும்.

விரலுக்கு விலை என்ன?

வீட்டிலிருந்தே பின்னி விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். மத்தியானம் சமையல், பாத்திரம் எல்லாம் முடித்து உட்கார்ந்தால் ஒரு கூடைக்கு இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். ஒயரை இழுத்து இழுத்து விரல் காய்த்துப் போகும்.

வாங்க வருபவரோ ஒயர் விலையை மட்டும் கணக்குப் போடுகிறார். "தெரிஞ்சவங்கதானே, பார்த்துப் போட்டுக் கொடும்மா" என்கிறார். சொந்தக்காரர் என்றால் அதுவும் இல்லை. கூடை சும்மாவே போய்விடும்.

காசு வாங்காமல் சொல்லித் தருவது பழக்கம். அதற்காகக் காசு கொடுக்காமல் வாங்கிப்போவது நியாயமா? கூலி கிடைக்காவிட்டால் அடுத்த கூடைக்கு யார் உட்காருவார்கள்?

வீட்டுப் பரணில் பழைய கூடை கிடந்தால் எடைக்குப் போட வேண்டாம். பின்னத் தெரிந்த அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் இருந்தால், அந்தக் கூடையை ஒரு வரிசை பிரித்து, அவர் கையாலேயே மறுபடி போடச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

முடிச்சு இன்னும் அவர் விரலில்தான் இருக்கிறது!