பருப்புக் கஞ்சியும் வாழைப்பழமும்

மனநல ஆலோசகர் தத்துவம் படித்தவர் என்று தெரிந்தால் சிலருக்கு உள்ளூர ஒரு தயக்கம் வரும், துக்கத்தோடு போகிறவரை உட்காரவைத்து உபதேசம் பண்ணிவிடுவாரோ என்று. ஆனால் இன்று பல நாடுகளில் கையாளப்படும் சி.பி.டி. என்கிற சிந்தனை-நடத்தைச் சிகிச்சையின் வேர்களில் ஒன்று தத்துவத்தில் இருக்கிறது. அதன் முன்னோடியான ஆல்பர்ட் எல்லிஸ் நியூயார்க்கில் உளப்பகுப்பாய்வாளராகத் தொழில் நடத்தியவர். ஆட்கள் தேற அநியாயத்துக்குக் காலம் பிடிக்கிறது என்று சலித்துப்போய், 1955 வாக்கில் தமக்கென்று ஒரு முறையை வகுத்துக்கொண்டார். அதற்கு அவர் பெயர் சொல்லிக் கடன்பட்டது எபிக்டெட்டஸிடம்: அடிமையாக வாழ்ந்து, விடுதலை பெற்று, நிக்கோபோலிஸில் பள்ளி நடத்திய, ஸ்டோயிக் என்னும் பண்டைய தத்துவ மரபின் ஆசிரியர். இச்சிகிச்சையின் இன்னொரு முன்னோடியான ஆரன் பெக்கும் மனச்சோர்வு பற்றிச் சகாக்களோடு 1979இல் வெளியிட்ட நூலில் தம் முறையின் தத்துவ மூலத்தை ஸ்டோயிக்குகளிடம்தான் காட்டினார்.

எல்லிஸ் எடுத்துக்கொண்ட கருத்து சிறியது. நம்மை உலுக்குவது நடந்த சம்பவம் மட்டுமல்ல. அதைப் பற்றி நாம் கொள்ளும் முடிவும்தான். மேலதிகாரி வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை என்பது சம்பவம். ‘என்னை ஒழித்துக்கட்டப் பார்க்கிறார்’ என்பது முடிவு. இரவெல்லாம் தூக்கம் வராதது விளைவு. நோயாளி இம்மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிய பிறகு, நடுவில் இருப்பதைத் தட்டிப் பார்க்கிறார்கள். நம் மொழியில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ‘வேலை கிடைக்க வேண்டும்’ என்பது ஆசை. ‘கிடைத்தே ஆகவேண்டும்’ என்றால் கழுத்தில் கயிறு. எல்லிஸ் வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியது அந்த ஏகாரத்தோடுதான் என்று சொல்லலாம்.

ஆனால் கருத்து தெரிந்துவிட்டால் மட்டும் யாரும் தேறிவிடுவதில்லை. தத்துவம் சிகிச்சை அறையில் செல்லுபடியாவது அது பயிற்சியாக மாறும்போதுதான். பழையவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. ஸ்டோயிக் மரபைத் தொடங்கிய ஜீனோவுக்குக் கூச்சம் அதிகம். அவருடைய குரு கிராட்டீஸ், பானை நிறையப் பருப்புக் கஞ்சியைக் கொடுத்து ஏதென்ஸின் குயவர் பகுதி வழியாகத் தூக்கிப்போகச் சொன்னார். சீடர் வெட்கப்பட்டுப் பானையை மறைக்கப் பார்த்தபோது, குரு கைத்தடியால் ஒரு போடு போட்டார். கஞ்சி காலில் வழிய ஜீனோ ஓட்டமெடுத்தார் என்கிறது பழைய வரலாறு. எல்லிஸோ கூச்சத்தால் முடங்கியவர்களிடம், வாழைப்பழத்தைக் கயிற்றில் கட்டி நாய்க்குட்டிபோல் தெருவில் இழுத்துப் போகச் சொன்னார். நாலு பேர் சிரிப்பார்கள், ஆனாலும் உயிர் போகாது. இதை வாதம் செய்து புரியவைக்க முடியாது, நடந்துதான் பார்க்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சம்பளம் தராத முதலாளியிடம் சிக்கியவனைப் பார்த்து ‘உன் எண்ணத்தை மாற்று’ என்பது அயோக்கியத்தனம் இல்லையா? ஆம், அப்படிச் சொன்னால். ஆனால் இந்த முறை அநியாயத்தைக் கற்பனை என்று சொல்வதில்லை. எல்லிஸ் துயரத்தையும் நிலைகுலைவையும் வேறுபடுத்தினார்: வருத்தம் இருக்கலாம், எரிச்சல் இருக்கலாம், ஆளைச் செயலற்றவனாக்கும் வெறியும் விரக்தியும்தான் குறைய வேண்டும். கை நடுங்காதவனால்தான் புகார் மனுவை ஒழுங்காக எழுத முடியும். கடுமையான மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்படலாம் என்பதிலும் சர்ச்சை இல்லை. எபிக்டெட்டஸ் மாத்திரைக்குப் பதில் ஆகமாட்டார். நல்லவனாக வாழ்வதே ஸ்டோயிக்குகளின் இலக்கு, சிகிச்சையோ கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு இலக்கை விட்டுவிட்டது என்ற குறையை மட்டும் என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை.

ஸ்டோயிக்குகள் உணர்ச்சியை அடக்கி மரக்கட்டையாக இருக்கச் சொல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கோ பதில் பழைய நூலிலேயே கிடைக்கிறது. ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் இத்தாலிக்குப் போன கப்பல் புயலில் மாட்டியது. அதே கப்பலில் இருந்த பேர்பெற்ற ஸ்டோயிக் ஒருவர் மற்றவர்களைப் போல் புலம்பவில்லை, ஆனால் முகம் வெளுத்துப்போயிருந்தார். கடல் அடங்கியதும் கெல்லியஸ் காரணம் கேட்டார். அந்த ஸ்டோயிக் தம் பையிலிருந்து எபிக்டெட்டஸின் உரைகளில் ஐந்தாம் நூலை எடுத்துக் காட்டினார். முதல் அதிர்ச்சி ஞானியையும் கேட்காமலே தாக்கும், அவன் முகமும் வெளுக்கும். ‘இது பயங்கரம்தான்’ என்று அதற்கு ஒப்புதல் கொடுப்பதா வேண்டாமா என்பதே அவன் கையில் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.