உள்ளே என்னதான் இருக்கு?

ஜூடித் ஸ்காட் செய்த சிற்பங்களைப் பார்த்தால் முதலில் வரும் ஆசை, ஒரு கத்தரிக்கோலை எடுத்து நடுவில் வெட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான். படத்தில் பார்த்ததற்கே எனக்குக் கை பரபரத்தது! வெளியே கம்பளி நூல், கயிறு, துணிக் கீற்று என்று சுற்றுக்கு மேல் சுற்று. உள்ளே? ஒன்றில் நாற்காலி. ஒன்றில் சைக்கிள் சக்கரம். இன்னொன்றில் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி. ஆமாம், முழு வண்டி.

கலிஃபோர்னியா ஓக்லாந்தில், 24-வது தெருவில் இருக்கிறது, அவர் இவற்றைச் செய்த கிரியேட்டிவ் க்ரோத் என்ற கலைக்கூடம். உளவியலாளர் எலியாஸ் காட்ஸும் ஓவியரான அவர் மனைவி ஃப்ளாரன்ஸும் மாற்றுத்திறனாளிகளுக்காக 1974-ல் தொடங்கியது. இங்கே கட்டாயப் பாடம் கிடையாது. மேஜை உண்டு, பொருள் உண்டு, நேரம் உண்டு. உன் பாட்டுக்குச் செய்.

ஜூடித் அந்த உரிமையை ஒரு துளிகூட வீணாக்கவில்லை. கண்ணில் பட்டதை எடுப்பார், அது யாருடையது என்ற விசாரணையெல்லாம் கிடையாது. குச்சிகளையும் அட்டைக் குழல்களையும் சேர்த்துக் கட்டி ஓர் எலும்புக்கூடு. அதன்மேல் நூலை இழுத்து, அடியில் நுழைத்து, முடிச்சிட்டு, திரும்பவும் இழுத்து… வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில். அழகாக அமைந்த ஒரு வண்ண அடுக்கை அடுத்த அடுக்கு அப்படியே விழுங்கிவிடும். ஐயோ, அதை விட்டுவைத்திருக்கலாமே என்று நமக்குத்தான் அடித்துக்கொள்ளும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். வேலை முடிந்ததா? இரண்டு கைகளையும் தட்டிவிட்டுக்கொண்டு சிற்பத்தைத் தள்ளிவிடுவார். அவ்வளவுதான், அடுத்தது!

1994-ல் அவர் செய்த ஒன்று என் செல்லம். அதில் நூலே கிடையாது. கைதுடைக்கும் காகிதங்களை உருவி வந்து, முடிச்சு முடிச்சாகப் போட்டே ஒரு வெளிர்நிறச் சிற்பத்தை எழுப்பிவிட்டார். கை சும்மா இருக்கச் சம்மதிக்கவில்லை போல.

1943-ல் ஒஹையோவில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர் ஜூடித். டவுன் சிண்ட்ரோம் இருந்தது. குழந்தையிலேயே காய்ச்சலில் காது போனதை யாரும் கவனிக்கவில்லை. கேட்காத குழந்தையிடம் கேள்வி கேட்டுவிட்டு, ‘இவளுக்குப் படிப்பு ஏறாது’ என்று தீர்ப்பு எழுதினார்கள். ஏழு வயதில் அரசு விடுதிக்கு அனுப்பினார்கள். வரைய ஆசைப்பட்டு எடுத்த கிரேயானையும் அங்கே பிடுங்கிவிட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் கழித்து இரட்டைச் சகோதரி ஜாய்ஸ் வந்து அழைத்துப் போனார். 1987-ல் ஓக்லாந்துக் கலைக்கூடத்தில் சேர்ந்தும் நெடுநாள் ஏனோதானோ என்றுதான் கிறுக்கிக்கொண்டிருந்தார். சில்வியா செவன்டி என்ற நாரிழைக் கலைஞரின் வகுப்பில் நூல் கைக்கு வந்தது. அதோடு சரி, 2005-ல் இறக்கும்வரை ஏறக்குறைய இருநூறு சிற்பங்கள்.

நம் நாட்டில் முடிச்சுச் சிற்பம் என்றால் மிருணாளினி முகர்ஜி. சணலில் ஆளுயரத் தெய்வ உருவங்களை எழுப்பியவர். ஆனால் அவர் பரோடாவில் முறையாகக் கலை படித்தவர். ஜூடித் மாதிரி சுயம்புவாக வந்தவர்களுக்கு இங்கே நூல்கண்டு கிடைக்காமலா போகும்? புனே துளசிபாக் பக்கம் போனால் கை கொள்ளாமல் வாங்கி வரலாம், லக்ஷ்மி ரோட்டில் துணிக்கடைக்கா பஞ்சம்? கிடைக்காதது கெடு வைக்காத நேரம். தீபாவளி வந்தால் புனே கண்காட்சிகளில் சிறப்புப் பள்ளிகளின் அகல்விளக்குகள் வரிசையாக நிற்கும், எல்லாம் ஒரே அளவு, ஒரே பூ. வாங்குகிறேன், அழகாகத்தான் இருக்கிறது. அந்த வரிசையில் யாராவது ஒருவர் விளக்கை விட்டுவிட்டு கடையின் மடக்கு நாற்காலியை நூலால் சுற்ற ஆரம்பித்தால் நாம் தடுப்போமா, இன்னும் இரண்டு கண்டு நீட்டுவோமா? எனக்கு இரண்டாவதைச் செய்யத்தான் ஆசை.

நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் 2014-ல் ஜூடித்துக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. 2017-ல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சிக்கும் அவர் சிற்பங்கள் போயின. இந்தப் பெரிய இடங்களில் பெட்டியைப் பிரிக்கும் ஊழியர்களை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜூடித் எதற்கும் தலைப்பு வைத்ததில்லை, எதைப்பற்றியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எது மேல், எது கீழ், எது முகம், எது முதுகு? சுற்றிச் சுற்றி வந்து நீங்களே முடிவுபண்ணிக்கொள்ளுங்கள் சார்!